ஈரப் பஞ்சு

பாட்டு முடிந்து மூன்று விநாடி கழித்து யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

ரெனாட்டா டேப்லெட்டின் திரையைத் தொட்டுக் கடைசி வரியிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். ஹெட்போனில் அவள் குரல் மெல்ல இறங்கி, நீண்டு, அடங்கியது. பிறகு அமைதி. அந்த அமைதிக்குள் கெட்டியான ஏதோ ஒன்று தொண்டைக்குழியில் வழுக்கிக்கொண்டு இறங்கும் சத்தம், காதுக்குள்ளேயே நடந்ததுபோல அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. அது அவளுடையதாக இருக்க வழியில்லை. வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கெல்லாம் இருக்கும் பழக்கம் அவளுக்கும் உண்டு: கடைசி எழுத்தைப் பாடியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைகூட அசைக்காமல், மனதுக்குள் பத்து எண்ணும்வரை அப்படியே இருப்பாள். சத்தம் வரக்கூடாது என்று ஃபிரிட்ஜின் வயரைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தாள். மூன்று எண்ணும்போது அவள் எதையும் விழுங்கவில்லை.

"செட்டிங்ஸ்லதான் ஏதோ கோளாறு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். மணி பிற்பகல் மூன்று பத்து. ஐந்து மணிக்குள் பாட்டு போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் முந்தின நாள் தொடங்கிய பனி விட்டபாடில்லை. ஏரியிலிருந்து கிளம்பி வந்த மேகம் ஊரின் தெற்குப் பக்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு கொட்டு கொட்டென்று கொட்டியது. யாரும் கார் எடுக்கக் கூடாது என்று காலையிலேயே தடை போட்டுவிட்டார்கள். ரெனாட்டாவின் அம்மா யாட்விகா பதினோரு மைல் தள்ளி, இனி குணமாகாது என்று ஆனவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் கிடந்தாள். ஒரு நாளில் அவள் கண் விழித்து, ஆளை அடையாளம் கண்டு பேசுவது மாலை ஐந்திலிருந்து ஆறு வரைதான். ஆறு மணிக்கு ஊசி போட்டுவிட்டால் பிறகு எழுப்ப முடியாது.

"நாளைக்கும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது ரெனாட்டா" என்று நர்ஸ் ஷானிஸ் காலையில் சொல்லியிருந்தாள். "அம்மா அந்தத் தாலாட்டுதான் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. போன்லயே பாடிடுங்களேன்?"

பாடிப் பார்த்தாள். போன் பாட்டை இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு வெட்டி வெட்டி அனுப்பியது. அந்தப் பக்கம் அம்மா "யாரு? யாரது?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அதனால்தான் பதிவு. நல்ல பதிவாகச் செய்து அனுப்பினால் ஷானிஸ் அதை அம்மாவின் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கவைப்பாள். பாட்டு அம்மாவே இட்டுக்கட்டியது. ஒரு முள்ளம்பன்றி பனியில் செருப்பைத் தொலைத்துவிட்டு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகும் கதை. அவர்கள் வீட்டு மொழியான போலிஷில் அதற்கு ஸ், ஷ், ச் என்று பல்லிடுக்கில் காற்று சீறும் சொற்களாகவே வந்து விழும்.

மைக் மட்டும் அவளுடையது இல்லை. அவளுடையது சரியாகப் பார்த்து இந்த வாரம்தான் செத்துப்போனது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் நார்பர்ட்டிடம் கேட்டதும், மனிதர் பனிச் செருப்போடு படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இந்தா. என் பார்ல குடிக்க வர்றவங்க பாடறதுக்கு வச்சிருந்த கரோகே மைக். கடையை மூடினப்போ எல்லாத்தையும் வித்தேன், இதை விக்க மட்டும் மனசு வரல."

"இதை எப்பவாவது கழுவியிருக்கீங்களா நார்பர்ட்?"

"கழுவறதா! நல்லாக் கேட்ட போ. மைக்கைக் கழுவினா அதோட குரல் செத்துடும்மா. இருபத்திரண்டு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை தவறாம, இந்த ஏரியால பாதிப் பேரு இதுல வாய் வச்சிருக்கான். ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல."

"அப்போ பாதி ஊரோட எச்சில்."

"எச்சில் இல்ல, அனுபவம்!" அவர் குலுங்கிச் சிரித்தார். "உன் பொழப்பே அடுத்தவன் வாயைச் சுரண்டறது. நீ மூக்கைச் சுளிக்கலாமா?"

அது உண்மைதான். ரெனாட்டா பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்பவள். பதினேழு வருஷமாக நாளைக்கு எட்டு வாய். சீழ் வடியும் ஈறு, நாக்கின் மேல் படிந்த மஞ்சள் மாவு, கடைவாயில் ஒரு வாரமாக ஊறும் இறைச்சி நார், எல்லாம் பார்த்தாகிவிட்டது. அருவருப்பு என்ற ஒன்றே தன்னை விட்டுப் போய்விட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மைக்கின் கம்பிவலைத் தலையைத் திருகிக் கழற்றியதும் அது திரும்பி வந்தது. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு ஒரு காலத்தில் கருப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழைய தேநீர்க் கறையின் நிறத்தில், ஓரங்களில் வழுவழுவென்று தடித்துக் கிடந்தது. விரல் வைத்தாள். ஒட்டியது. எடுத்தபோது ஒரு நூல் கூடவே வந்தது. பியரும் வெங்காயமும் சிகரெட்டும் ஊறிப்போன நாற்றம், அதற்கு அடியில், பல வருஷமாகக் கழற்றாத பல்செட்டைக் கழற்றும்போது வருமே, அந்தப் புளித்த நாற்றம். கழுவலாம்தான். ஆனால் பஞ்சு காய ஒரு நாள் ஆகும், அம்மாவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. தலையைத் திருகி மூடிவிட்டாள்.

அதோடு முடியவில்லை. அடித்தளத்தில் ஹீட்டர் உறுமிக்கொண்டே இருந்தது. அந்த உறுமல் பதிவில் விழாமல் இருக்க வேண்டுமானால் ஒரே வழி மைக்கை உதட்டோடு ஒட்டவைத்துப் பாடுவது. ரெனாட்டா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கம்பிவலை முதலில் சில்லென்று இருந்தது. பாட்டு முடிந்தபோது சில்லென்று இல்லை.

இப்போது அந்த விழுங்கல்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது மானிட்டர் பொத்தானை. பாடும்போதே தன் குரலைத் தானே கேட்பதற்கான பொத்தான் அது. டேப்லெட் திணறினால் குரல் கொஞ்சம் பிந்தி வந்து விழும். தாமதத்தைக் குறைத்தாள். மறுபடி பாடி, மறுபடி மூச்சைப் பிடித்து, பத்து எண்ணினாள். கேட்டாள். விழுங்கல் இருந்தது. அதோடு உலர்ந்த உதடுகள் பிரியும் ஒரு 'ப்ச்'.

அடுத்து எதிரொலி. குரல் பதிவுக்கென்று செயலி தானாகவே போட்டுவைத்திருந்த எதிரொலியை அணைத்தாள். பாடினாள். கேட்டாள். எதிரொலியின் மெத்தை போனதும் சத்தம் அம்மணமாக நின்றது. நாக்கு ஒன்று ஈறின் மேலிருந்து மெல்ல உரிந்து, மறுபடி ஒட்டி, மறுபடி உரிந்தது. ரெனாட்டா தன்னை அறியாமலேயே, ஆஸ்பத்திரியில் அட்டையில் எழுதுவதுபோல, அந்த வாயைப் படிக்க ஆரம்பித்தாள். வயதான வாய். மேலே பல் இல்லை. கீழேயும் இல்லை. எச்சில் அதிகம், கெட்டி. ஈறு வீங்கியிருக்கிறது, இல்லையென்றால் நாக்கு இப்படி ஒட்டாது. பசி. கடைசிச் சொல்லை அவள் எழுத நினைக்கவில்லை, அது தானாக வந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பது.

"இதை அம்மா காதுல போட முடியாது" என்றாள். சாகக் கிடக்கிறவளின் காதுக்குள், இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, அந்த நாக்கு.

கோளாறு மைக்கிலா டேப்லெட்டிலா என்று தெரிந்துகொள்ள இந்த வேலை தெரிந்தவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு: காலி அறையைப் பதிவு செய்வது. பாட்டுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு டிராக், தனிப் பதிவுப் பட்டை, திறந்து, அதற்குக் 'காலி அறை' என்று பெயர் கொடுத்து, மைக்கை மேசைமேல் படுக்கவைத்து, பதிவை அழுத்திவிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து கேட்டாள்.

அவள் காலடி போவது. கதவு சாத்துவது. ஹீட்டரின் உறுமல். பிறகு, அறை காலியாகட்டும் என்றே காத்திருந்ததுபோல, வாய் திறந்தது. முதலில் மூச்சு மட்டும், சளி கட்டிய ஈர மூச்சு. பிறகு அது ராகத்தை முனகியது. பாட்டின் ராகம்தான். சொற்கள் வரவில்லை. பல் இல்லாத வாயில் முள்ளம்பன்றியும் இல்லை, செருப்பும் இல்லை. வெறும் 'ஆ'வும் 'ஓ'வும் 'ம்'மும் எச்சிலில் புரண்டு புரண்டு வந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் உருப்போடுவதுபோல ஒரே வரியை ஆறு தடவை. ஏழாவது தடவை, மிக மெல்ல, ஒரே ஒரு 'ஸ்'.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். காதைத் தடவிப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. வியர்வை. வியர்வையாகத்தான் இருக்க வேண்டும். விரலை மோந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நாலு இருபது. மைக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். டேப்லெட்டின் சொந்த மைக்கில் வாளிக்குள்ளிருந்து பாடுவதுபோலப் பாடி அனுப்பியிருந்தால்கூட அம்மா கேட்டிருப்பாள். ஆனால் இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கோளாறு என்று ஒன்று இருந்தால் அதற்கென்று ஒரு பொத்தானும் எங்காவது இருக்கும் என்று நம்புவார்கள். ரெனாட்டாவும் நம்பினாள். அந்தப் பொத்தானையும் கண்டுபிடித்தாள். ஒரு அளவுக்குக் கீழே உள்ள மெல்லிய சத்தங்களையெல்லாம் அடியோடு வெட்டிவிட்டு, வலுவானதை மட்டும் வெளியே விடும் வடிகட்டி. இரண்டு டிராக்குகளுக்கும் சேர்த்தே அதைப் போட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை பாடினால் போதும்.

உதட்டை வைத்தாள். கம்பிவலை சூடாக இருந்தது. உடம்புச் சூடு. பாடப் பாட உள்ளே பஞ்சு ஊறுவது தெரிந்தது, அவள் மூச்சில் இல்லை, அதுவாகவே. ஒவ்வொரு 'ஷ்'ஷுக்கும் முன்பற்கள் கூசின. இரண்டாவது பத்தியில் கம்பி வழியாக எதுவோ அவள் கீழுதட்டை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது. நிறுத்தவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டாள். கண்ணீர் வழிய வழியப் பாடி முடித்தாள். மூச்சைப் பிடித்தாள். பத்து எண்ணினாள்.

கேட்டாள்.

சுத்தம். விழுங்கல் இல்லை, நாக்கு இல்லை. குரல் கணீரென்று இருந்தது; ஸ், ஷ், ச் எல்லாம் பளிச்சென்று விழுந்தன. இத்தனை நன்றாகத் தான் பாடியதே இல்லை என்று தோன்றியது. மணி நாலு ஐம்பத்தொன்று. அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வாய்க்குள் இருந்த சுவை உறைத்தது. சிங்க்குக்கு ஓடிக் கொப்பளித்தாள். துப்பியது இளஞ்சிவப்பாக இருந்தது. வாய் மரத்துப்போயிருந்தது, பல் பிடுங்க ஊசி போட்டதுபோல. போன் அடித்தது. நார்பர்ட்.

"என்னம்மா, ஆச்சா?"

அவள் ஆச்சு என்றாள்.

"என்னது?"

அனுப்பிட்டேன் என்றாள்.

"வாயில ரொட்டியை வச்சுக்கிட்டா பேசற? ஒரு எழவும் புரியல. மொதல்ல முழுங்கு, அப்புறம் பேசலாம்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

டேப்லெட் மேசைமேல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு டிராக்குகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. இத்தனை நேரம் காதால் கேட்டாளே தவிர, அவள் கண்ணால் பார்க்கவில்லை. பாட்டின் அலைகள் மேலும் கீழும் எழும்பி, கொழுத்து, நிறைந்து கிடந்தன. அவை மேல் டிராக்கில் இல்லை. கீழே இருந்தன. 'காலி அறை'யில்.

மேலே, அவள் பெயர் போட்ட டிராக்கில், ஒரு மெல்லிய கோடு.

மேல் டிராக்கை அணைத்தாள். ஓடவிட்டாள். பாட்டு ஓடியது. முழுப் பாட்டும். ஒரு சொல் குறையாமல். அவளுடைய குரல். அவளுடைய பற்கள்.

கீழ் டிராக்கை அணைத்தாள். மேலதை மட்டும் ஓடவிட்டாள். வடிகட்டியை எடுத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.

காற்று. எச்சில். 'ஆ'. 'ஓ'. 'ம்'. வீங்கிய ஈறில் நாக்கு ஒட்டியது. உரிந்தது.

கடைசித் தடவை அவள் வாயிலிருந்து உண்மையில் வந்தது அதுதான்.

விரலை வாய்க்குள் விட்டாள். மெதுவாக. முன்னால். வலப்பக்கம். பின்னால். வழவழவென்று இருந்தது. இடப்பக்கம். சூடு. ஈரம். எங்கேயும் கடினமாக ஒன்றுமே தட்டுப்படவில்லை.

டேப்லெட் ஒலித்தது. வீடியோ அழைப்பு. ஷானிஸ்.

திரையில் அம்மாவின் படுக்கை. தலையணையில் சிறுத்துப்போன முகம், அதன் இரு பக்கமும் பெரிய கருப்பு ஹெட்போன். கண் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெனாட்டா! என்னமா பாடியிருக்கீங்க! எனக்கே அழுகை வந்துடுச்சு" என்றாள் ஷானிஸ். "மூணாவது தடவை கேக்கறாங்க. கழட்ட விடமாட்டேங்கறாங்க."

கழட்டு. கழட்டு. கழட்டு என்று ரெனாட்டா கத்தினாள்.

"ஐயோ, அழாதீங்க. அழுதா நீங்க சொல்றது எனக்குப் புரியாது. அம்மா சந்தோஷமா இருக்காங்க, பாருங்க. இருங்க, ஆறு மணிக்குப் போட வேண்டிய ஊசியை எடுத்துட்டு வந்துடறேன்." போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் அறையை விட்டுப் போனாள்.

ரெனாட்டா திரையை அறைந்தாள். கத்தினாள். உதடுகள் உள்ளுக்குள் மடிந்தன. எச்சில் மோவாயில் வழிந்தது. அம்மாவின் காதில் வேறு குரல் பாடிக்கொண்டிருந்தது.

"ரெனியா" என்றாள் அம்மா கூரையைப் பார்த்தபடி. "இவ்வளவு கிட்டத்துல வந்து பாடறியேடி. உன் மூச்சு சூடா படுது." சின்னப் பிள்ளைபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். "கூசுதுடி."

ஹெட்போனின் அடியிலிருந்து கெட்டியாக ஏதோ வழிந்தது. கழுத்தில் இறங்கியது. தலையணையில் ஊறியது. முதலில் நிறமில்லாமல். பிறகு சிவப்பாக.

அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதின் மேல் ஹெட்போனின் கருப்புப் பஞ்சு, நிதானமாக, மேலும் கீழும் அசைந்து மென்றுகொண்டிருந்தது.